உப்புக் கதவும் உஸ்தா பகீத்தும்

வலது காலுக்கு ஒரு பத்தி, இடது காலுக்கு ஒரு பத்தி. கால்சட்டை முடிந்ததும் பக்கத்தைத் திருப்புகிறார் உஸ்தா பகீத். புத்தகம் அவர் கையில் இல்லை. எதிர்ச் சுவரில், கால்சட்டை மாட்டும் கிளிப்புகள் இரண்டும் அதை விரித்துக் கவ்விக்கொண்டிருக்க, கண் மட்டத்தில் தொங்குகிறது. காலர் தேய்க்கும்போது வாசிப்பு கிடையாது, கைப்பட்டைக்கும் கிடையாது. அங்கே கண் தவறினால் தொழில் கெட்டது. படுக்கை விரிப்பு வந்தால் கொண்டாட்டம். கணுக்கால்வரை நீளும் ஜல்லாபியா அங்கி ஒன்றுக்கு முக்கால் பக்கம் ஓடிவிடும். சட்டை ஆச்சா என்று கேட்க வருகிறவர்கள், அவர் உதடு அசைவதைக் கண்டால் அந்தப் பத்தி முடியும்வரை வாயைத் திறப்பதில்லை. எங்கள் ஷுப்ராப் பேட்டையில் டிராம் ஓடிய காலத்திலிருந்தே இஸ்திரிக் கடைகள் உண்டு. வாடிக்கையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கடை இது ஒன்றுதான்.

ஐம்பத்தொரு வயது. 'உஸ்தா' என்பது கைத்தொழில் தெரிந்தவருக்கு எங்கள் பக்கத்தில் கொடுக்கும் மரியாதை. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும்; இருபத்தாறு வருஷம் ஏழு கிலோப் பெட்டியைத் தள்ளிய தோள் அது. புருவத்தில் பாதி ஆவியில் பொசுங்கிப் போனது, திரும்ப முளைக்கவே இல்லை. குடும்பம் தெற்கே சோஹாகிலிருந்து வந்தது என்பதால் பிடிவாதம் ரத்தத்திலேயே ஊறியது என்று தெருவில் ஒரு பேச்சு. அதை அவரிடமே சொல்லிப் பார்த்தால், "பிடிவாதம் இல்லப்பா, ஞாபகம். உங்களுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்கிறதில்லையே, அதனால வித்தியாசம் தெரியல" என்பார்.

துணியில் நீர் தெளிக்க எல்லாரையும்போல அவரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் வைத்திருக்கிறார். கோபம் வந்தால் மட்டும் பாட்டிலைத் தள்ளிவிட்டுப் பழைய முறைக்குப் போய்விடுவார்: குவளையிலிருந்து வாய் நிறைய நீர் எடுத்து, துணிமேல் புஸ்ஸென்று ஊதுவார். வாயில் தண்ணீர் இருக்கும்வரை பேச முடியாது, அதுதான் காரியம் என்கிறாள் அவருடைய மனைவி நஃமாத். "அந்தத் தண்ணி மட்டும் இல்லேன்னா இந்நேரம் பாதித் தெருவோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இருக்காது." கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் மூட்டையை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவிவிடுவார்கள்.

சென்ற பிப்ரவரியில் ஒன்பது நாள் அவர் பாட்டிலைத் தொடவே இல்லை. காரணம் ஒரு புத்தகம்.

கடைக்கு நேர் எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார் நஸ்மி வாத்தியார். எழுபத்து மூன்று வயது, மனைவியை இழந்தவர். இந்த வட்டாரத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவரைத் தட்டி எழுப்பினாலும் நைல் நதியின் கிளைகளை வரிசையாகச் சொல்வார்கள் என்றால், அது அவர் பிரம்பின் புண்ணியம். பூகோளம் நடத்தி நடத்தி இருக்கிற நாடுகள் அலுத்துப் போயினவோ என்னவோ, இல்லாத ஒரு நாட்டுக்கு வரைபடம் போட்டார். வரைபடம் போட்டபின் அதில் மனிதர்களைக் குடிவைக்காமல் முடியவில்லை. 'உப்புக் கதவு' என்று பெயர் வைத்து ஒன்பது பாகம், பத்தொன்பது வருஷம். கல்லூரிப் பெண்கள் வாங்குகிறார்கள், ஊரெல்லாம் அதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. தெருவுக்கு அவர் இன்னும் வாத்தியார்தான்.

அவருடைய சட்டைகள் மாடியிலிருந்து கூடையில் கயிறு கட்டி இறங்கும். எங்கள் பக்கத்தில் வெங்காயமும் ரொட்டியும் அப்படித்தான் மேலே ஏறுகின்றன, சட்டை மட்டும் என்ன உசத்தி? பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் சட்டைகளுக்கு நடுவே முதல் பாகம் ஒன்று தவறி இறங்கிவிட்டது. மின்சார பில்லைத் தவிர வேறு அச்செழுத்துப் பக்கம் போகாத மனிதர் பகீத். நான்கு நாள் எழுத்துக்கூட்டி வாசித்தார். ஐந்தாம் நாள் தேய்த்த சட்டைகளையும் புத்தகத்தையும் கூடையில் வைத்தார். வாத்தியார் இழுத்தால் கயிறு அசையவில்லை. பகீத் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"வாத்தியாரே! அந்தப் பொண்ணு திரும்பி வருவாளா மாட்டாளா? அதச் சொல்லிட்டு இழுங்க!"

"அது எனக்கே தெரியாதுய்யா, விடு கயித்த!"

"எழுதின உங்களுக்கே தெரியாதுன்னா வேற யாருக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து ஒவ்வொரு பாகமும் அச்சகத்திலிருந்து வந்ததும் முதல் பிரதி கூடையில் பகீத்துக்கு இறங்கும். அதில் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்று வாத்தியார் ஒருமுறை கேட்டார். கையெழுத்தெல்லாம் வெளியாளுக்குப் போடுங்க என்று சொல்லிவிட்டார் பகீத்.

அந்தப் பெண் யாரென்றால், இளவரசி ஜுமானா. சுற்றிலும் உப்பு மதில் எழுப்பிய ஒரு நகரம். உள்ளே குடிக்கச் சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. திருடுபோன நதியைத் தேடி அவள் புறப்படுகிறாள். மதிலில் இருப்பது ஒரே கதவு, அதுவும் உப்பு. திறந்து விட்டால் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும், மூடினால் பிறகு திறக்காது. வாயிற்காவலன் மிஸ்மார் அந்த இடுக்கில் தோளைக் கொடுத்து நின்று, "நீ வர்ற வரைக்கும் இது மூடாது, போ" என்கிறான். அவள் போய்விடுகிறாள். எட்டு பாகங்களில் அவள் பார்க்காத தேசமில்லை, செய்யாத சண்டையில்லை. ஒவ்வொரு பாகத்திலும் எங்கேயாவது அரைப் பக்கம் மிஸ்மாருக்கு. உதடு வெடித்திருக்கிறது. தோளில் உப்பு ஏறியிருக்கிறது. சட்டைப் பையில் ஒரு குருவி முட்டையிட்டிருக்கிறது. அவன் நிற்கிறான்.

பகீத்துக்கு இளவரசி பேரில் மரியாதை உண்டு. பாசமெல்லாம் மிஸ்மாரிடம்தான். பக்கத்து காப்பிக் கடையில் தேநீர் எடுத்துக் கொடுக்கும் தாஹிர், காலையில் கோப்பையை வைக்கும்போது ஊர்க்காரனை விசாரிப்பதுபோலக் கேட்பான்: "மிஸ்மார் எப்படி இருக்கான் உஸ்தா?"

"நிக்கிறான்" என்பார் பகீத். தேநீரை உறிஞ்சிவிட்டு, "நம்மள மாதிரிதான்" என்று சேர்த்துக்கொள்வார்.

எட்டாம் பாகத்துக்குப் பின் ஐந்து வருஷம் எதுவும் வரவில்லை. வாத்தியாருக்கு இரண்டு கண்ணிலும் அறுவை நடந்தது, முழங்கால் மடங்க மறுத்தது. ஒருவழியாக அந்தப் பிப்ரவரியில் ஒன்பதாம் பாகம் கூடையில் இறங்கியது. கடைசிப் பாகம். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். பகீத் இரண்டே நாளில் முடித்தார். அந்த இரண்டு நாளும் தெருவே கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், பகீத்தும் அப்படித்தான் சொல்கிறார். ஜுமானா விடுவித்த நதி வடக்கு மதிலைக் கரைத்துக்கொண்டு நகருக்குள் வருகிற அந்த நாற்பது பக்கம் இருக்கிறதே, அதை வாசித்தபோது அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். சாயங்காலம் வீட்டில் நஃமாத்துக்கு உரக்க வாசித்துக் காட்டினார். குழந்தைகள் முதல்முறையாகத் தண்ணீரில் கை வைக்கும் இடத்தில் அவள் அவரைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு பக்கத்தைத் திருப்பினார். அட்டை வந்துவிட்டது.

மிஸ்மார் இல்லை.

ஏதோ தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார். மூன்றாம் முறை வரிவரியாக விரலை ஓட்டித் தேடினார். பெயர்கூட இல்லை. இளவரசி வடக்கே வந்துவிட்டாள், தண்ணீர் வந்துவிட்டது, ஊர் கூடி ஆடுகிறது, மதில் கரைகிறது. தெற்குக் கதவில் ஒருவன் தோளைக் கொடுத்து நிற்கிறானே, அவனிடம் போய்ச் சொல்ல அந்த நாட்டில் ஒரு ஆள் இல்லை.

தாஹிரிடம் கொடுத்து, கண்ணுக்கு ஏதாவது தப்பிவிட்டதா பார் என்றார். தாஹிர் இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"அவன் இல்ல உஸ்தா. தண்ணி வந்ததும் வீட்டுக்குப் போயிருப்பான்."

"யாரு போகச் சொன்னா?"

"தானா தெரிஞ்சிருக்கும்."

"தெற்க நிக்கிறவனுக்கு வடக்க நடக்கிறது எப்படிடா தெரியும்? அவன் தலையைத் திருப்பினாலே கதவு மூடிரும்னு மூணாம் பாகத்துல எழுதியிருக்கு. படிச்சியா, இல்ல பக்கத்த எண்ணினியா?"

 பகீத் குவளையை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டார். ஒன்பது நாள் புஸ்ஸென்ற சத்தம்தான். நஃமாத் முதல் மூன்று நாள் சிரித்தாள், நான்காம் நாள் சலித்துக்கொண்டாள்.

"அவன் என்ன உன் கூடப் பொறந்தவனா? இல்லாத ஊரு, இல்லாத ஆளு. சோத்துத் தட்டுல ஏன்யா உர்ருன்னு உக்காந்திருக்க?"

"இல்லாத ஆளுதான். ஆனா பத்தொம்பது வருஷமா நின்னானே, அது பொய்யா? நான் பாத்தேன்ல?"

"வாத்தியாரையே கேளேன்."

"கேக்க மாட்டேன். அந்தத் தண்ணி வர்ற இடத்துக்காக அவரு கைக்கு முத்தம் குடுக்கணும்னு தோணுது. அதே கையை ஒடிக்கணும்னும் தோணுது. ரெண்டையும் வச்சுக்கிட்டு எப்படிப் போய் நிக்கிறது?"

பத்தாம் நாள் வட்டாரப் பண்பாட்டு மன்றத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு வாத்தியாருக்குப் பாராட்டு. ஒன்பது பாகமும் முடிந்ததற்கு விழா, மேடை, பூங்கொத்து. மத்தியானம் கூடை இறங்கியது. உள்ளே அவருடைய வெள்ளைச் சட்டை, நல்ல நாளுக்கென்று வைத்திருக்கும் ஒரே சட்டை. பகீத் அதை எடுக்கவில்லை. சுவரிலிருந்து ஒன்பதாம் பாகத்தைக் கிளிப்போடு கழற்றி, சட்டையின் மேல் வைத்து, கயிற்றை இரண்டு தடவை ஆட்டினார். கூடை ஏறியது. சற்று நேரத்தில் மூன்றாம் மாடியிலிருந்து தலை நீண்டது.

"பகீத்! சட்டை கசங்கினபடியே வந்திருக்கு!"

"புஸ்தகமும் அப்படித்தான் வந்துச்சு!"

காப்பிக் கடையில் பகடை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

நான்கு மாதமாகப் படி இறங்காத மனிதர் அன்று இறங்கினார். ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று, கைப்பிடியைப் பிடித்து, கால் மணி நேரம் ஆனது. உள்பனியன்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் வெள்ளைச் சட்டையோடு கடை முன் வந்து நின்றார். பகீத் யாரோ ஒருவரின் படுக்கை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. வாயில் தண்ணீர் இருந்தது. அதை ஊதி முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"மிஸ்மார் எங்க?"

வாத்தியார் ஒரு கணம் விழித்தார். பிறகு வகுப்பில் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார். "பகீத், இலக்கியத்துல எல்லாத்தையும் சொல்லிட முடியாது. சொல்லாம விடுறதும் ஒரு முறை. உலகம் யாரை மறக்குதுன்னு வாசகனே உணரணும்னுதான்..."

"வாத்தியாரே." பகீத் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் இஸ்திரிக்காரன். வேணும்னு வச்ச மடிப்பு எது, தானா விழுந்த மடிப்பு எதுன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட இது வேண்டாம்."

வாத்தியாரின் முகம் தொங்கிப் போனது. தெருவைப் பார்த்தார், கையிலிருந்த சட்டையைப் பார்த்தார்.

"மறந்துட்டேன்யா" என்றார்.

"என்னது?"

"மறந்துட்டேன். அஞ்சு வருஷம் ஆயிருச்சு. கண்ணு வேற. நான் சொல்லச் சொல்ல அக்கா பொண்ணு டைப் அடிச்சா. தண்ணி வந்தப்ப அதைத் தவிர எதுவும் எனக்குத் தெரியல. அச்சாகி வந்து, உனக்குக் கூடையில இறக்கி விட்டப்புறம் நடுச்சாமத்துல ஞாபகம் வந்துச்சு. ரெண்டாயிரம் பிரதி அடிச்சாச்சு. நீ கவனிச்சிருக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"நான் கவனிச்சிருக்க மாட்டேனா!" பகீத்தின் குரல் உடைந்தது. அது கோபத்தில்தான் உடைந்தது. "கொன்னிருந்தாக்கூட உங்கள மன்னிச்சிருப்பேன். மேல உப்பு விழுந்து செத்தான்னு ஒரு வரி எழுதியிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டுச் சும்மா இருந்திருப்பேன். மறந்துட்டேங்கிறீங்க! ஒரு ஆளை நிக்க வச்சிட்டு மறக்கிறதா? இங்க எத்தன பேரு துணிய நம்பிக் குடுத்துட்டுப் போறாங்க. ஒரு பொத்தான் காணோம்னா என்னைச் சும்மா விடுவாங்களா?"

 பகீத் வாத்தியாரின் கையிலிருந்து சட்டையை வெடுக்கென்று பிடுங்கினார். "குடுங்க இத. சட்டை என்ன பாவம் பண்ணிச்சு." பலகையில் விரித்து, காலரிலிருந்து ஆரம்பித்தார்.

வாத்தியாருக்கு அது கொஞ்சம் தெம்பு கொடுத்தது. விட்டதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"அவனுக்கு நடந்தது என்னன்னா பகீத், தண்ணி தெற்க வந்ததும், ஜுமானா தானே ஓடிப் போயி..."

"ஓடல. அவ அன்னிக்கு ராத்திரி பூரா மாளிகையில இருந்தா. இருநூத்தித் தொண்ணூறாம் பக்கம்."

"சரி, அந்தக் குருவி இருக்குல்ல, அது போய்..."

"அது ஆறாம் பாகத்துலயே பறந்து போச்சு."

"அப்போ, கதவு தானா கரைஞ்சு..."

"நிறுத்துங்க வாத்தியாரே." பகீத் கைப்பட்டையைத் திருப்பிப் போட்டார். "இதெல்லாம் இப்போ இங்க நின்னு உண்டாக்குற பொய். புஸ்தகத்துல இருந்தது வேற பொய். அத நான் நம்புனேன். இத நம்ப என்னால ஆகாது."

"அப்போ நான் என்னய்யா பண்றது? சொல்லு. செய்றேன்."

பகீத் சட்டையின் முன்பக்கத்தை விரித்தார். பெட்டியை நெஞ்சுப் பகுதியில் வைத்தார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது என்று பிறகு நஃமாத்திடம் சொன்னாராம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"யார்கிட்ட?"

"மிஸ்மார்கிட்ட. அவ வந்துட்டான்னு. வேற எதுவும் வேண்டாம்."

தாஹிர் காப்பிக் கடை வாசலில் தட்டோடு நின்றான். சிரிப்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், சிரிக்கவில்லை. வாத்தியார் சுற்றும் முற்றும் பார்த்தார். கடையின் இரும்புக் கதவைத் தாங்கும் தூண் ஒன்று ஓரத்தில் இருந்தது. அதன் பக்கம் திரும்பினார். நாற்பது வருஷம் வகுப்பில் நின்ற மனிதர், கோட்டின் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"மிஸ்மார்" என்றார். தொண்டையைச் செருமினார். "அவ வந்துட்டா. வேற பக்கமா வந்துட்டா. தண்ணியும் வந்துருச்சு, ஊரே குடிக்குது. உன்கிட்ட யாரும் சொல்லல. அது அவங்க தப்பு இல்ல, என் தப்பு. நீ நின்னது எனக்குத் தெரியும். உன்னை நிக்க வச்சதே நான்தான்." தூணில் கையை வைத்தார். "போதும்பா. தோளை எடு."

 பகீத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் யாரோ அசைவார்கள் என்பதுபோல. பொசுங்கும் வாடை முதலில் மூக்கில் ஏறியது தாஹிருக்குத்தான்.

"உஸ்தா! பெட்டி!"

பகீத் பெட்டியைத் தூக்கினார். நல்ல நாளுக்கான அந்த ஒரே வெள்ளைச் சட்டையின் நெஞ்சில், இடது பக்கமாக, பெட்டியின் முனை முதல் அடி வரை பழுப்பாக ஒரு முக்கோணம். நடுவில் விரல் விட்டால் அந்தப் பக்கம் வரும். மணி ஐந்தேகால்.

வாத்தியார் சட்டையைப் பார்த்தார். திட்டவில்லை. தலைக்குமேல் கம்பியில் தொங்கிய துணிகளை நிமிர்ந்து பார்த்தார். அறுபது எழுபது சட்டைகள், எல்லாம் தேய்த்து மடிப்புக் கலையாமல்.

"மக்ரம் டாக்டரோடது அதோ இருக்கு. என் அளவுதான். ரெண்டு மணி நேரம்..."

"கைய எடுங்க!" பகீத் சீறினார். "அது அவரு என்னை நம்பி விட்டுட்டுப் போனது. இத்தனை பேசியும் உங்களுக்குப் புத்தி வரலையா?"

"அப்போ கோட்டை மேல வரைக்கும் மூடிக்கிட்டுப் போறேன்."

"மேடையில பனியனோடயா நிக்கப் போறீங்க? ஒன்பது பாகம் எழுதின ஆளு?" பகீத்தின் கோபம் இப்போதுதான் உச்சத்துக்குப் போயிருந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எரிந்த சட்டையைச் சுருட்டிப் பலகைக்கு அடியில் எறிந்தார். பெட்டியின் அடியை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தார். "போய் அந்த ஸ்டூல்ல உக்காருங்க. முழங்கால் வலிக்குதுன்னு அப்புறம் என்னைத்தான் சொல்வீங்க. அழுது தொலைக்காதீங்க."

பிறகு, பிப்ரவரிக் குளிரில், தெரு பார்த்துக்கொண்டிருக்க, தான் போட்டிருந்த நீலச் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதை உதறிப் பலகையில் விரித்து, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.